திருச்சி ஜெயிலுக்கு ஊரிலிருந்தே செய்யும் வேலை

பெரம்பலூரிலும் சரி, அரியலூரிலும் சரி, மத்திய சிறை கிடையாது. ரிமாண்ட் ஆகிறவர்களில் சிலர் ஜெயங்கொண்டம் போன்ற கிளைச் சிறைகளுக்குப் போவார்கள். கொஞ்சம் பெரிய வழக்கு என்றாலோ தண்டனை ஆகிவிட்டாலோ திருச்சி மத்திய சிறைதான். பெண்களுக்குத் திருச்சியில் தனிச் சிறை இருக்கிறது. பதினெட்டைத் தாண்டி இருபத்தொன்றுக்குள் இருக்கும் பையன்களைப் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளிக்கு அனுப்புவதும் உண்டு.

சிறைவாசிகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள். "நம்ம ஊர்ல ஜெயிலே இல்லையே, எங்க போய்ச் செய்யறது?" ஜெயில் இல்லாததால்தான் இங்கே ஆள் தேவைப்படுகிறது. உள்ளே இருப்பவர் திருச்சியில். வழக்கு பெரம்பலூர் கோர்ட்டில். ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய அண்ணன் வேப்பந்தட்டைப் பக்கம் ஏதோ ஒரு காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்று இடங்களையும் சேர்த்துவைக்க ஒருவர் இல்லாததால் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு எழுபத்தாறு பேர் இன்னும் தீர்ப்பு ஆகாதவர்கள்.

ஆகவே முதலில் ஒரு பிம்பத்தைக் கழற்றி வையுங்கள். சிறைப்பணி என்றதும் பலருக்கு ஒலிபெருக்கி, பொன்னாடை, 'மனம் திருந்தி வாழுங்கள்' என்று அரை மணி நேரப் பேச்சு, பிறகு லட்டு என்றுதான் தோன்றுகிறது. தீபாவளிக்கு இனிப்புக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் உள்ளே இருப்பவருக்கு உங்கள் பேச்சைவிடத் தன்னுடைய அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிவது முக்கியம். அதைச் சொல்லக்கூட ஆளில்லாதவர்களுக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

நேரே சிறை வாசலில் போய் நின்று 'சேவை செய்ய வந்திருக்கிறேன்' என்றால் காவலர் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார். சரியான கதவு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. இரண்டு மாவட்டங்களுக்கும் தனித்தனியாக உண்டு, இரண்டும் அந்தந்த மாவட்ட நீதிமன்றத்தைச் சார்ந்தே இயங்குகின்றன. முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர், அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளர். அவரும் ஒரு நீதிபதிதான், அதனால் பார்க்கப் போகும்போது நீதிமன்ற வேலை நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. காவலில் இருப்பவரிடம் வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை. ஏழையா, வசதியா என்ற கேள்வியே அங்கே எழாது. இந்த உதவியைச் சிறைக்குள் கொண்டுசேர்க்கத்தான் 2009இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தன்னார்வ சட்டப் பணியாளர் திட்டத்தைக் கொண்டுவந்தது. கோர்ட் வட்டாரத்தில் இவர்களைப் 'பி.எல்.வி.' என்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக்குழுப் பெண்கள், வக்கீலாகப் பதிவு செய்யாத சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரையும் எடுக்கச் சொல்கிறது திட்டம். நன்னடத்தை உள்ள, படித்த, நீண்ட காலத் தண்டனைச் சிறைவாசிகளையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. சக சிறைவாசிக்கு மனு எழுதிக்கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? இங்கிலாந்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பு 1991இல் சுவான்சி சிறையில் ஒரு திட்டத்தை இதே யோசனையில்தான் தொடங்கியது. மனம் உடைந்துபோன கைதியின் பேச்சைக் கேட்க இன்னொரு கைதிக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

தேர்வானால் பயிற்சி தருவார்கள், அடையாள அட்டை தருவார்கள். பணிக்கு அனுப்பும் நாளுக்கு மட்டும் மதிப்பூதியம் உண்டு. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு கதவுகளும் உண்டு. 1981இல் கேரளத்தில் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா என்ற கத்தோலிக்க அமைப்பின் தன்னார்வலர்கள் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கும் போய்வருகிறார்கள். புத்தகம் தர நினைப்பவர்களுக்கு, 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத் துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டுச் சிறை நூலகங்களுக்கு நூல் திரட்டியது நினைவிருக்கலாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் நீங்களும் அப்படித் திரட்டலாம். கொடுக்கும்போது வீட்டில் எடைக்குப் போட வைத்திருந்த பழைய கைடுகளைத் தள்ளிவிடாதீர்கள். உள்ளே பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுதுகிறார்கள், திருச்சி சிறைக்குள் ஐ.டி.ஐ.யே இருக்கிறது. நடப்புப் பாடத்திட்டப் புத்தகம், நல்ல அகராதி, நாவல், பெரிய எழுத்தில் அச்சான எதுவும் பயன்படும்.

அந்த ஒரு தாள்

சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் உட்காரும் நாளில் உங்கள் முன்னால் ஒரு மேசை, ஒரு பதிவேடு, வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர். எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவு. எந்தத் தேதியில் ரிமாண்ட் செய்தார்கள். அடுத்த வாய்தா எப்போது. வக்கீல் இருக்கிறாரா, இருந்தால் கடைசியாக எப்போது பேசினார். ஜாமீன் மனு போட்டாயிற்றா, கிடைத்துவிட்டதா, கிடைத்தும் ஏன் வெளியே வரவில்லை. வீட்டில் யாருக்குப் போன் போடலாம்.

'என்ன தப்பு செஞ்சே' என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கோர்ட் பார்த்துக்கொள்ளும் விஷயம். நீங்கள் கேட்டால், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மனசுக்குள் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுவீர்கள். எழுதியபின் வேலை கெட்டுவிடும்.

தாளில் மிக முக்கியமானது ரிமாண்ட் தேதி. அதிலிருந்து விரல்விட்டு எண்ணுங்கள். அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. பத்தாண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ கிடைக்கக்கூடிய குற்றமானால் தொண்ணூறு நாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 187ஆம் பிரிவு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். மனுப் போடுவதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போச்சு. அறுபத்தோராம் நாள் காலையில் வக்கீல் கையில் மனு தயாராக இருப்பதற்கும், அறுபத்தைந்தாம் நாள் யாருக்கோ ஞாபகம் வருவதற்கும் நடுவே ஒரு மனிதனின் ஒரு வருடமே போய்விடக்கூடும். கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளுக்கு நாள் கணக்கு வேறு, அவற்றை வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அதே சட்டத்தின் 479ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், தூக்குக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. 2024 ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தது என்றாலும், அதற்கு முன்பே உள்ளே போனவர்களுக்கும் இது உண்டு என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விண்ணப்பம் அனுப்பும் பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருக்கிறது. உங்கள் தாளில் இருக்கும் கணக்கு அவருக்கும் உதவும். மாவட்ட நீதிபதி தலைமையில், ஆட்சியரும் எஸ்.பி.யும் உறுப்பினர்களாக இருக்கும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்கும் பெயர்களை ஆணைக்குழு வழியாக அனுப்பலாம்.

குண்டர் சட்டத்தில் இருப்பவர் வந்தால் இந்த எண்ணிக்கையெல்லாம் செல்லாது. அது தடுப்புக் காவல், ஆட்கொணர்வு மனுவுக்கு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். இங்கே பலர் இடறுகிறார்கள். ஆள் இருப்பது திருச்சியில், திருச்சி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகின்றன, ஆகவே இதுவும் மதுரைதான் என்று குடும்பத்தை மதுரைக்கு அலையவிட்டுவிடுவார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வழக்குகளுக்குச் சென்னைதான் உயர் நீதிமன்றம்.

ஜாமீன் கிடைத்தும் வராதவர்கள்

என்னைக் கேட்டால், முழு நேரத்தையும் இந்த ஒரு வகைக்கே கொடுத்துவிடலாம் என்பேன். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது. இரண்டு பேர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு. ஆளுக்குப் பத்தாயிரம். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிற அம்மாவுக்கு, வீட்டு வரி ரசீது யார் பேரில் இருக்கிறது என்பதே தெரியாது. வீடு மாமனார் பெயரில், மாமனார் செத்துப் பத்து வருஷம். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். இரண்டாவது ஜாமீன்தாரராக வரச் சம்மதித்த பங்காளி, வாய்தா அன்று கோழிப் பண்ணையில் லீவு கிடைக்கவில்லை என்கிறார்.

இப்படிப்பட்ட அம்மா உங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"தம்பி, ஒருத்தரு வந்தாரு. பத்தாயிரம் குடுத்தா ரெண்டு ஜாமீனும் அவரே ஏற்பாடு பண்ணித் தர்றேங்கறாரு. குடுத்துடட்டுமா?"

"வேணாம்மா. காசு யாருக்கும் குடுக்காதீங்க. வீட்டு வரி ரசீது, ஆதாரு, ரேஷன் கார்டு மூணையும் எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வாங்க. உங்க சின்னத் தம்பியையும் கூட்டிட்டு வாங்க. நான் கேட் கிட்டயே நிக்கிறேன்."

கோர்ட் வாசலில் வாடகைக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது மோசடி, பிடிபட்டால் உள்ளே இருப்பவர் பாடும் திண்டாட்டம். வேறு வழிகள் இருக்கின்றன. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். அதே ஆண்டு மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு (திட்டம் தொடங்கியபோது 40,000 ரூபாய் வரை) உதவியும், அபராதம் கட்ட முடியாமல் கிடக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் அரசே தரும். போதைப்பொருள், ஊழல், பணமோசடி, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது. திட்டம் இருப்பது தெரியாமல் தாலியை அடகு வைத்தவர்கள் உண்டு.

வெளியே வந்ததோடு முடிவதில்லை. 'மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து' என்று நிபந்தனை இருக்கும். கூலி வேலைக்காரருக்கு 10.30 என்பது நாள் முழுக்கப் போனதற்குச் சமம். காலை ஏழு மணிக்கே களத்துமேட்டில் நிற்க வேண்டியவரை யார் பதினொரு மணிக்கு வேலைக்கு எடுப்பார்கள்? இரண்டு நாள் கையெழுத்துத் தவறினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு மனு வந்துவிடும். சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டபின் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட வைப்பது உங்கள் வேலை. அதுவரை காலையில் ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துவதும் உங்கள் வேலைதான்.

வழக்கு நிலவரத்தைப் பார்க்க இ-கோர்ட்ஸ் செயலி போதும். வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை அந்தத் தாளின் மேல் மூலையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்கள்

மகனையோ கணவனையோ பார்க்க மனு போட்டுத் திருச்சிக்குப் போகிறவர்களின் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரம்பலூரிலிருந்து அறுபது கிலோமீட்டர். ஆண்டிமடத்திலிருந்து என்றால் நூறுக்குக் குறையாது. பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸில்தான், திருச்சி போகிற வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரு நாள் கூலியும் போய்விடும். இவ்வளவுக்கும் பிறகு, ஆதார் கொண்டுவரவில்லை என்றோ, அன்றைக்கு ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றோ திருப்பி அனுப்பப்பட்டால் எப்படி இருக்கும்? கிளம்புமுன் என்ன அடையாள அட்டை வேண்டும், அன்று பார்க்க விடுவார்களா, என்ன கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று கேட்டுச் சொல்லுங்கள். செல்வாக்கெல்லாம் வேண்டாம், இரண்டு போன் போதும்.

பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பாருங்கள். 'ஜெயில் போனவன் புள்ள' என்று வகுப்பில் யாராவது சொல்லிவிட்டால் அடுத்த நாளே நின்றுவிடுவார்கள். தலைமையாசிரியரிடம் நேரில் பேசுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுக்கு மனுப் போடலாம். தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில், பெற்றோரில் ஒருவரை இழந்து மற்றவர் சிறையில் இருக்கும் குழந்தைக்கும் மாதம் 2,000 ரூபாய் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். ஆறு முடிந்தபின் அந்தக் குழந்தை எங்கே போகும் என்பதை ஐந்து வயதிலேயே பேசத் தொடங்க வேண்டும்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் கணிசமான அடிதடி வழக்குகளின் பின்னால் அது இருக்கிறது. நீங்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் சாதிக்காரருக்கு முன்னால் போய் நின்றீர்கள் என்று ஒருமுறை பேச்சு வந்தால் மற்றவர்கள் உங்கள் மேசைக்கே வரமாட்டார்கள். சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது. பாகுபாடு தொடர்கிறதா என்று ஆய்வு செய்யும் பொறுப்பை அந்தத் தீர்ப்பு, சிறைப் பார்வையாளர் குழுவோடு சேர்த்து மாவட்ட ஆணைக்குழுக்களிடமும் கொடுத்திருக்கிறது. ஆகவே கண்ணில் பட்டதைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுப்பது புறம் சொல்வதாகாது.

காவல் நிலையமும் உங்கள் எல்லைதான், கைதான முதல் சில மணி நேரமே மிக ஆபத்தானது. 'ஜெய் பீம்' படத்தின் மூலக் கதையான ராஜாகண்ணு வழக்கில், 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டவரின் உடல், இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி காவல் எல்லையில் 'அடையாளம் தெரியாத பிணமாக'க் கிடந்தது. யாரையாவது பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்று போன் வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். இலவச சட்ட உதவி எண் 15100.

செய்யக் கூடாதவை

செல்போன், பணம், பீடி, கடிதம் எதையும் உள்ளேயும் கொண்டுபோகாதீர்கள், வெளியேயும் கொண்டுவராதீர்கள். 'வீட்டுக்கு இந்த ஒரு சீட்டு மட்டும் சார்' என்று கெஞ்சினாலும் மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள். தடை செய்யப்பட்ட பொருளைக் கடத்துவது 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் குற்றம். அதைவிட, ஒருவர் செய்த தப்புக்காக எல்லாத் தன்னார்வலர்களுக்கும் கதவு சாத்தப்படும். குறிப்பிட்ட வக்கீலிடம் ஆள் பிடித்துக்கொடுக்காதீர்கள். 'நான் வெளியே கொண்டுவந்துடறேன்' என்று சொல்லாதீர்கள், 'மனு போயிருக்கு, பதினாலாம் தேதி வாய்தா' என்று மட்டும் சொல்லுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் ஆசை இருந்தால் இந்த வேலை வேண்டாம்.

இது வேலையாகுமா

ஆகும், ஆனால் மெதுவாக. திருச்சியில் சட்டமோ, காஜாமலை வளாகத்திலும் மற்றக் கல்லூரிகளிலும் சமூகப் பணியோ படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் நேரடியாகக் கைகொடுக்கும். சட்ட உதவி வழக்கறிஞர்களை முழு நேர ஊதியத்தில் நியமிக்கும் திட்டத்தை 2022இலிருந்து மாவட்டம் மாவட்டமாக விரிவாக்கி வருகிறார்கள். அந்த அலுவலகங்களில் வக்கீல்களோடு கணினிப் பணியாளர், உதவியாளர் இடங்களும் ஒப்பந்த அடிப்படையில் வரும். மத்திய சிறைகளில் நல அலுவலர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இடங்கள் உண்டு. நன்னடத்தை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுத வேண்டும். இதையே வாழ்க்கையாக எடுக்க நினைப்பவர்கள், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1990இல் தொடங்கிய 'பிரயாஸ்' எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பாருங்கள். காவல் நிலையம், கோர்ட், சிறை மூன்றிலும் சமூகப் பணியாளரை உட்கார வைத்தவர்கள் அவர்கள்.

தன்னார்வ சட்டப் பணியாளர் தேர்வு எப்போதும் திறந்திருக்காது. அறிவிப்பு மாவட்ட நீதிமன்ற இணையதளத்திலும் கோர்ட் அறிவிப்புப் பலகையிலும் வரும், கடைசித் தேதி சீக்கிரம் முடிந்துவிடும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நேரில் போய்ச் செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்: படிப்பு, வாரத்தில் எந்த நாள் வர முடியும், எந்த ஊர்களுக்குப் போய்வர முடியும், வண்டி இருக்கிறதா. இந்தக் கடைசி இரண்டையும் யாரும் எழுதுவதில்லை. ஜெயங்கொண்டத்துக்கும் குன்னத்துக்கும் போய் ஒரு வீட்டு வரி ரசீதை வாங்கிவர ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்.